நொய்யலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நீர்ப்பிடிப்புப் பகுதியும் ஊர்க்காவலும்: ஓர் எளிய விளக்கம்

கோவைக்கு மேற்கே, போளுவாம்பட்டிப் பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்கும் மலை முகட்டில் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முகட்டுக்குக் கிழக்கே விழும் துளி பெரியாறு, சின்னாறு போன்ற ஓடைகளில் இறங்கி நொய்யலாகும். பிறகு கோவை, திருப்பூர் வழியே போய், கரூர் மாவட்டத்தில் ஆற்றின் பெயரையே கொண்ட நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேரும். அதே துளி முகட்டுக்கு அந்தப் பக்கம், சிறுவாணிச் சரிவில் விழுந்தால் பவானி ஆற்றுக்குப் போய், பவானி கூடுதுறையில் காவிரியைத் தொடும். இன்னும் தெற்கே தள்ளி வாளையாற்றுப் பக்கம் விழுந்தால் பாரதப்புழையில் கலந்து அரபிக் கடலுக்கே போய்விடும்.

துளியின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அந்த முகட்டுக் கோட்டுக்கு நீர்ப்பிரிமேடு என்று பெயர். கோட்டுக்கு உட்பட்டு, ஒரே ஆற்றை நோக்கிச் சரியும் நிலம் முழுவதும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிநிலம் என்றும் சொல்வார்கள். ஓட்டு வீட்டை நினைத்துக்கொண்டால் விஷயம் சட்டென்று விளங்கும். கூரை முழுவதும் நீர்ப்பிடிப்புப் பகுதி. ஓரத்தில் மாட்டியிருக்கும் தகரத் தூம்புதான் ஆறு. தூம்பில் ஒழுகுவது கூரையில் விழுந்த மழை, கூரையில் கிடந்த சருகு, காக்கை போட்டுவிட்டுப் போன எலும்பு எல்லாம்தான். தூம்பை மட்டும் தேய்த்துக் கழுவி என்ன பயன்?

நொய்யலின் நீளம் சுமார் 180 கிலோமீட்டர். அதன் கூரை சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். ஆற்றிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஆற்றைக் கண்ணால் பார்த்தேயிராத ஊர்களும் அதற்குள் அடக்கம். அந்த ஊர்க்காரர் தன் தோட்டத்தில் போர்வெல் போடுவதும், தெருமுனைப் பள்ளத்தில் குப்பை கொட்டுவதும் நொய்யலுக்குச் செய்யும் காரியங்கள்தான். (கொங்குப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்போம், சங்கனூர்ப் பள்ளம் அப்படிப்பட்ட ஓடைதான். வெளியூர்க்காரர்கள் குழியென்று நினைத்துவிட வேண்டாம்.)

மழைக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஒரு ஏக்கரில் சுமார் 24 லட்சம் லிட்டர் விழுகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் 200 லாரி. அதே 600 மில்லிமீட்டரை 3,500 சதுர கிலோமீட்டருக்குப் பெருக்கினால் ஏறக்குறைய 74 டிஎம்சி வரும் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. மலையில் மழை இதைவிட மிக அதிகம், சமவெளியில் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே இது ஒரு தோராயம்தான். ஆனாலும் வறண்டது என்று நாம் ஒதுக்கும் ஆற்றின் மேல் வானம் எவ்வளவு கொட்டுகிறது என்பதைக் காட்ட இந்தக் கணக்கு போதும்.

பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? பெரும்பகுதி ஆவியாகியும் செடிகொடிகளின் வழியாகவும் மீண்டும் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. மீதியில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது, ஒரு பங்கு மேலோட்டமாக ஓடி ஓடையில் சேர்கிறது. மண்ணுக்குள் இறங்கியதுதான் கிணறுகளுக்கு ஊற்று. அது பாறை இடுக்குகளில் மெல்ல நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்துத் தாழ்வான இடத்தில் கசிந்து ஆற்றுக்கு வருகிறது. மழை நின்று வெகுநாள் ஆன பிறகும் ஓர் ஆறு ஓடுகிறதென்றால் அதில் ஓடுவது இந்தக் கசிவு நீர்.

ஓர் ஆறு சாவதற்குக் கரையில் எதுவுமே நடக்க வேண்டியதில்லை என்பது இதிலிருந்து புரியும். மேட்டுநிலத்தில் மண் இறுகினால், ஓடைகள் வீட்டுமனைகளானால், ஆழ்துளைக் கிணறுகள் நிலத்தடி நீரை ஆற்றுப் படுகைக்கும் கீழே இழுத்துவிட்டால், கசிவு நின்றுபோகும். நிலத்தடி மட்டம் படுகைக்குக் கீழே போய்விட்டால் நிலைமை தலைகீழாகும்: ஆற்றுக்கு ஊட்டிய நிலம் ஆற்றிலிருந்து உறிஞ்சத் தொடங்கும். அதன்பின் அந்த ஆறு மழைநாளில் மட்டும் செந்நிறமாகப் பாயும், நான்கு நாளில் அடங்கும். ஆண்டு மழை குறையாமலேயே இது நடக்கலாம்.

இந்த இடத்தில் மரம் நடுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆறு என்றதும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மரக்கன்றுதான். காடு மண்ணைப் பிடித்துவைக்கும், மழையின் அடியைத் தாங்கும், உதிர்ந்த இலைகளின் அடியில் நீர் இறங்க வழி செய்யும். இருக்கிற காட்டைக் காப்பது முதல் வேலை என்பதில் இரண்டாவது கருத்தில்லை. ஆனால் மரமும் தண்ணீர் குடிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்ததுதான் இயற்கை. அந்தப் புல்வெளியில் தைல மரத்தையும் சீகை மரத்தையும் நட்டு ஊற்றுகளைக் கெடுத்த கதை நீலகிரியில் நடந்தது. எந்த இடத்தில் எந்த மரம் என்று கேட்காமல் ஆயிரம் கன்று, பத்தாயிரம் கன்று என்று எண்ணிக்கை சொல்லும் விழாக்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை.

அணைக்கட்டு, வாய்க்கால், குளம்

நொய்யலைத் தனித்துவமாக்குவது அதன் குளச் சங்கிலி. ஆற்றின் குறுக்கே தாழ்வான கல்லணைகள் வரிசையாக இருக்கின்றன. மேலே சித்திரைச்சாவடி, பிறகு குனியமுத்தூர், கோயம்புத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று இறங்கிக்கொண்டே போகும். இவை மேட்டூர் போலத் தண்ணீரைத் தேக்கி நிறுத்தும் அணைகள் அல்ல. ஆற்றில் வெள்ளம் வரும்போது மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு பங்கைப் பக்கத்து வாய்க்காலில் திருப்பும். மிச்சம் அணையின் மேலேயே வழிந்து அடுத்த அணைக்குப் போகும். வாய்க்கால் குளத்தை நிரப்பும். குளம் நிரம்பிக் கோடி போனால், அதாவது வழிந்தால், அந்த உபரி அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ திரும்பிவிடும். கோவை நகருக்குள் இன்று நாம் நடைப்பயிற்சி போகும் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக் குளம், சிங்காநல்லூர்க் குளம் எல்லாம் இந்தச் சங்கிலியின் கண்ணிகள்.

இதன் நுட்பம் காலத்தைக் கையாள்வதில் இருக்கிறது. ஆடியில் தென்மேற்குப் பருவமழை மலையில் கொட்டும்போது சமவெளியில் பெரிய மழை இருக்காது. ஆற்றில் வரும் அந்த வெள்ளம் சில நாளில் காவிரிக்கு ஓடிவிடாதபடி பிடித்து, குளங்களில் பரப்பி, ஐப்பசி, கார்த்திகை மழை வரும்வரை கிணறுகளுக்கு ஊட்டுவது இந்த அமைப்பின் வேலை. குளம் என்பது தண்ணீர்த் தொட்டியாக இருந்ததைவிட நிலத்துக்குள் நீரை இறக்கும் வாயாகவே அதிகம் பயன்பட்டது என்று சொல்லலாம்.

இவ்வளவு நீளமான ஏற்பாட்டில் எங்கே ஓர் இடத்தில் அடைத்தாலும் கீழே உள்ள எல்லாருக்கும் போச்சு. அதனால் பராமரிப்பு ஊரின் கடமையாக இருந்தது. குடிமராமத்து என்பது அதற்குப் பெயர்: குளத்து நீரால் பயனடையும் குடும்பங்கள் ஆண்டுதோறும் ஆள் அனுப்பியோ, ஆளுக்குப் பதில் கூலி கொடுத்தோ வாய்க்காலைத் தூர்வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும். மடையைத் திறக்கவும் மூடவும், யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று பார்க்கவும் ஒரு ஆள் இருப்பார். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அறுவடையில் அவருக்கு நெல் பங்கு உண்டு.

பொற்காலம் என்று இதைக் கண்ணீர் மல்கப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேலை எல்லாருக்கும் சமமாக விழவில்லை, நீரும் எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. நிலம் இல்லாதவர்கள், ஒதுக்கப்பட்ட சாதியினர் மண் சுமந்தார்கள். நீர் பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்களுக்குப் போனது. 1858-இல் ஆங்கில அரசு குடிமராமத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியும் அது ஓங்கவில்லை. பின்னர் பொதுப்பணித் துறை, மின்மோட்டார், ஆழ்துளைக் கிணறு என ஒவ்வொன்றாக வந்தன. தன் தோட்டத்தில் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் வரும் என்றால், நான்கு மைல் தள்ளியுள்ள வாய்க்காலைத் தூர்வார யார் போவார்? 2017-இல் தமிழக அரசு முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. பணம் வந்தது, பொக்லைன் வந்தது, பல குளங்கள் ஆழமாயின. நீர்க்கட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

நகரத்தின் கதை வேறு. கோவை பெரும்பாலும் குடிப்பது சிறுவாணியும் பில்லூரும்; இரண்டும் பவானி வடிநிலத்துத் தண்ணீர், முகட்டுக்கு அந்தப் பக்கத்தது. தாகத்துக்கு ஓர் ஆறு, சாக்கடைக்கு ஓர் ஆறு என்று நகரம் பிரித்துக்கொண்டுவிட்டது. நொய்யல் வறண்டால் கோவையில் எந்தக் குழாயும் நிற்காது. தன் ஆற்றை ஓர் ஊர் எப்படி இவ்வளவு எளிதாக மறந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தோன்றவில்லை.

ஊர் காத்த ஆறு ஒன்று

ஊர்க்காவல், அதாவது ஊரே கூடித் தன் தண்ணீரைக் காப்பது, நடைமுறையில் என்ன என்று காட்ட ராஜஸ்தானின் அர்வரி ஆறு நல்ல உதாரணம். ஆரவல்லி மலைத்தொடரில் அல்வார் மாவட்டத்தில் ஓடும் சிறிய ஆறு அது. 1985-இல் தருண் பாரத் சங்கம் என்ற அமைப்பைச் சேர்ந்த ராஜேந்திர சிங்கும் நண்பர்களும் கோபால்புரா கிராமத்துக்குப் போனது மருத்துவமும் படிப்பும் கொடுப்பதற்காக. ஊர்ப் பெரியவர் கேட்டதோ வேறு: முதலில் ஜோஹடைத் தோண்டுங்கள். ஜோஹட் என்பது சரிவில் ஓடிவரும் நீரை மறித்துப் பிறை வடிவில் மண்கரை எழுப்பிய குட்டை. நம் ஊர்ச் சிறு குட்டைக்கு உறவு.

அர்வரி தொடங்கும் இடத்தில் உள்ள பாவ்ந்தா-கோல்யாலா ஊராரும் 1980-களின் பிற்பகுதியில் ஜோஹட் கட்டத் தொடங்கினார்கள். ஆற்றில் எதுவும் செய்யவில்லை, மேட்டில்தான் கட்டினார்கள். ஊர் ஊராக அது பரவி, வடிநிலம் முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட சிறு கட்டுமானங்கள் எழுந்தன. முதலில் கிணறுகளில் மட்டம் ஏறியது. சில ஆண்டுகள் கழித்து, மழைக்காலம் முடிந்த பிறகும் ஆற்றில் நீர் நின்றது. 1990-களின் நடுவில் அது ஆண்டு முழுவதும் ஓடும் ஆறாகிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் அது வெறும் பொறியியல். தண்ணீர் வந்ததும் மீன் வந்தது, மீன் வந்ததும் 1996-இல் மீன்பிடி உரிமையை அரசு ஒரு ஒப்பந்ததாரருக்குக் கொடுத்தது. நாங்கள் கொண்டுவந்த ஆற்றை நீங்கள் யார் குத்தகைக்கு விட என்று ஊர்கள் எதிர்த்தன, ஒப்பந்தம் ரத்தானது. இன்று மீன், நாளைக்குத் தண்ணீர் என்ற பயம் எல்லாருக்கும் தட்டியது. 1999 ஜனவரி 26 அன்று சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து அர்வரி சன்சத், அதாவது ஆற்றுக்கான நாடாளுமன்றம் ஒன்றை அமைத்தன. அதற்குச் சட்ட அங்கீகாரம் எதுவும் இல்லை. ஆனாலும் விதிகள் வகுத்தார்கள்: கரும்பு, நெல் போன்ற தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர் கூடாது, பச்சை மரம் வெட்டக்கூடாது, தண்ணீரை உறிஞ்சும் தொழிற்சாலைக்கு நிலம் விற்கக்கூடாது. ராஜேந்திர சிங்குக்கு 2001-இல் மக்சேசே விருது கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். என் பார்வையில் அந்த விதிகள்தான் பெரிய சாதனை. குட்டை வெட்ட ஆள் சேர்ப்பது கடினமில்லை. நிரம்பிய பிறகு யார் எவ்வளவு எடுப்பது என்பதில் அண்ணன் தம்பிக்குள்ளேயே ஒத்துப்போகாது.

மேலே நிறுத்தும் ஒவ்வொரு குடமும் கீழே போகாத குடம் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். தடுப்பணைகள் பெருகினால் மேட்டுப் பகுதிக் கிணறுகள் நிறையும், கடைமடைக்கு வரும் வெள்ளம் குறையும். அதனால் காவல் குழு ஒரு கிராமத்தோடு நிற்காமல் வடிநிலம் முழுக்கப் பரவ வேண்டும்; கடைமடைக்காரருக்கு அதில் நாற்காலி இருக்க வேண்டும்.

ஊராரால் மட்டும் முடியாதது

திருப்பூரைச் சொல்லாமல் நொய்யலைப் பேச முடியாது. பின்னலாடைத் தொழில் வளர்ந்தபோது சாயப் பட்டறைக் கழிவு ஆற்றில் இறங்கியது. சாயம் ஏற்றப் பெருமளவு உப்பு தேவை. நிறம் போனாலும் உப்பு போகாது. பாசனத்துக்கென 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறியது. அணையில் தண்ணீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகள் கேட்ட விசித்திரம் நடந்தது. ஏனென்றால் தேங்கிய நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளில் இறங்கி அவற்றையும் உப்பாக்கியது. ஆயக்கட்டு விவசாயிகள், அதாவது ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள், நீதிமன்றம் போனார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் திறக்கலாம் என்றது.

துடைப்பத்தோடு நூறு பேர் இறங்கினாலும் இந்த உப்பை அள்ள முடியாது. ஆனால் வழக்குப் போட்டதும் ஊர்க்காவல்தான் என்பதைக் கவனியுங்கள். கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்து, வாய்தா வாய்தாவாக அலைந்தவர்கள் கடைமடை விவசாயிகள்.

ஊராரால் முடியக்கூடியதற்கு வெள்ளலூர்க் குளம் சாட்சி. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த குளம் அது. மழை இல்லாததால் அல்ல, வரத்து வாய்க்கால் மண்ணும் குப்பையும் புதருமாக அடைத்துக் கிடந்ததால். 2017 வாக்கில் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி அந்த வாய்க்காலைச் சீராக்கியதும், ஆற்றில் வந்த வெள்ளம் குளத்துக்குள் ஏறியது. பிறகு கரையில் மரங்கள், பறவைகள், பட்டாம்பூச்சிகள் என்று அது வளர்ந்துகொண்டே போனது. வேலை நடந்த இடம் குளம் அல்ல, அதற்கு வரும் வழி. குளக்கரையில் கற்பலகை பதித்து, வண்ண விளக்கு போட்டு, செல்பி எடுக்க இடம் கட்டுவது எளிது. வரத்து வாய்க்காலில் சாக்கடை கலக்கும் வாயை அடைப்பதுதான் கடினம், அதில் திறப்பு விழா நடத்தவும் முடியாது.

எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு பள்ளம், ஒரு குட்டை, அதன் சில நூறு ஏக்கர் நீர்ப்பிடிப்பு. முதல் மழைக்கு முன்னால் ஒரு முறையும், நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு முறையும், குட்டையிலிருந்து மேல்நோக்கி நடந்து போங்கள். மழையில் நடந்தால்தான் தண்ணீர் உண்மையில் எந்த வழியாக வருகிறது, எந்தச் சாலை அதை மறிக்கிறது, எந்தக் குழாய் பாலத்துக்கு அடியில் மண்மூடிக் கிடக்கிறது என்று தெரியும். கூடவே ஊரில் வயதான ஓர் ஆயக்கட்டுக்காரரை அழைத்துப் போக முடிந்தால் நல்லது. "இங்கதான் சாமி மதகு இருந்துச்சு" என்று அவர் காட்டும் இடம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

கிராம வரைபடமும் புல வரைபடமும் வாங்கி, ஓடைப் புறம்போக்கு எங்கெங்கே ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிலங்களைப் பட்டியலிடும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் புல எண்ணுக்கு நேரே அது ஓடையா, வாய்க்காலா, குட்டையா என்று எழுதியிருக்கும். ஆக்கிரமிப்பு இருந்தால் நேரே சண்டைக்குப் போகாதீர்கள். அதே ஊரில்தான் நாளையும் வாழ வேண்டும். ஏரிகள் பாதுகாப்புக்கும் ஆக்கிரமிப்பு அகற்றுவதற்கும் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, புகாரை அதன் வழியே அனுப்பலாம்.

மண்வேலை செய்வதானால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்க வேண்டும். மேலே சரிவுக்குக் குறுக்கே போடும் சமமட்ட வரப்பு, சிறு அகழி, கல்லடுக்குத் தடுப்பு. கடைசியில்தான் கான்கிரீட் தடுப்பணை. தலைகீழாகச் செய்தால் மேலிருந்து வரும் மண் இரண்டே மழையில் தடுப்பணையை நிரப்பிவிடும். பல ஊர்களில் புல் முளைத்துக் கிடக்கும் தடுப்பணைகள் இப்படி ஆனவைதான்.

நாலைந்து திறந்த கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒரே தேதியில் தரைமட்டத்திலிருந்து தண்ணீர் வரை கயிறு விட்டு அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. இரண்டு மூன்று வருடக் குறிப்பு கையில் இருந்தால், எந்த அதிகாரியிடமும் பேச உங்களிடம் ஏதாவது இருக்கும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். அன்று வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராமல், புல எண்ணோடு ஒரு பக்கக் கோரிக்கையாக எழுதிக் கொடுங்கள்: எந்த வாய்க்கால், எங்கிருந்து எங்கு வரை, எந்த இடத்தில் அடைப்பு. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்து, நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டம் மே 1.